கோயம்புத்தூர்ல இருந்து கார்லயே லடாக்: அப்பாவையும் கூட்டிட்டுப் போகலாமா?

கேள்வி: "அண்ணா, நாங்க ஃபிரண்ட்ஸ் மூணு பேரு, கூட எங்க அப்பா. அவருக்கு 62 வயசு, பிரஷர் மாத்திரை போடறாரு. கோயம்புத்தூர்ல இருந்து எங்க டீசல் கார்லயே லடாக் போயிட்டு வரலாம்னு இருக்கோம். ஜூலை மாசம், 16 நாள் லீவு. மணாலி வழியா ஏறி, ஸ்ரீநகர் வழியா இறங்கறதா பிளான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? ஹான்லே, உம்லிங் லா வரைக்கும் போகணும்னு ஆசை. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

பதில்:

தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேக்கறீங்க. ஜம்மு வரைக்கும் அந்தக் கணக்கு சரி. மலை ஏற ஆரம்பிச்சதும் அதைத் தூக்கி ஓரமா வச்சிடுங்க. அதுக்கப்புறம் நீங்க பாக்க வேண்டிய ஒரே கணக்கு, ராத்திரி எந்த உயரத்துல தூங்கறோம்ங்கறதுதான். லடாக் பிளானை அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். ரூட், நாள், பெட்ரோல், டீசல் எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

ஏன்னு சொல்றேன். காத்துல ஆக்சிஜன் எங்க போனாலும் 21 சதவீதம்தான். ஆனா மேல போகப் போக காத்தோட அழுத்தம் குறையும். லடாக்கோட முக்கிய ஊரான லே 3,500 மீட்டர் உயரம். அங்க ஒரு மூச்சு இழுத்தா, நம்ம ஊர்ல கிடைக்கற ஆக்சிஜன்ல மூணுல ரெண்டு பங்குதான் உள்ள போகும். கர்துங் லா (லான்னா கணவாய்) உச்சியில, 5,359 மீட்டர்ல, ஏறக்குறைய பாதிதான். கண்ணால பாக்கணும்னா கார்ல வாங்கி வச்சிருக்கற சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்க. மேல போறப்போ தலகாணி மாதிரி உப்பி நிக்கும். ஷாம்பூ பாட்டில் மூடியைத் திறந்தா தானா பொங்கி வெளிய வரும்.

உடம்பு இதுக்குப் பழகிக்கும். ஆனா அதுக்கு நேரம் கொடுக்கணும். 3,000 மீட்டர் தாண்டினதும், தூங்கற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னுதான் மலை மருத்துவம் தெரிஞ்ச டாக்டருங்க சொல்றாங்க. பகல்ல ஒரு கணவாயைத் தாண்டி இறங்கிடறது வேற. அங்கயே படுத்துத் தூங்கறது வேற.

இப்ப உங்க ரூட்டுக்கு வரேன். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து கிளம்பி அடல் சுரங்கம் வழியா லாஹூல் பக்கம் போயிடுவீங்க. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் அது. 2020 அக்டோபர்ல திறந்த பிறகு ரோத்தாங் கணவாய் ஏற வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. முதல் ராத்திரி ஜிஸ்பா, 3,300 மீட்டர் பக்கம். அது வரைக்கும் பிரச்சினை இல்ல. அடுத்த ராத்திரிதான் சிக்கல். அங்க தங்கறதுக்கு இருக்கறது சார்ச்சு, 4,290 மீட்டர். இல்லன்னா பாங், 4,600 மீட்டர் சுமாருக்கு. ஒரே நாள்ல தூங்கற உயரம் ஆயிரம் மீட்டர் எகிறிடுது. ரெண்டும் டென்ட் போட்ட இடங்கதான். கீழ இறங்கலாம்னு நினைச்சாலும், முன்னாடி பக்கமும் கணவாய், பின்னாடி பக்கமும் கணவாய்.

பாங்ல பாராசூட் துணி டென்ட் கடைகள் இருக்கும். பகல்ல டீ, மேகி கொடுப்பாங்க, ராத்திரி அங்கயே வரிசையா மெத்தை போட்டுப் படுக்கலாம். அங்க ஒரு பையனைப் பாத்தேன். இருபத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல உடற்கட்டு. முழங்காலைக் கட்டிக்கிட்டு, கண்ணைத் திறக்க முடியாம உக்காந்திருந்தான். கூட வந்தவங்க கேன் ஆக்சிஜனை மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடை வச்சிருந்த அம்மாதான் வாசலுக்கு வந்து, "இப்பவே கீழ கூட்டிட்டுப் போங்க, காலைல வரைக்கும் பாக்காதீங்க"ன்னு இந்தில சத்தம் போட்டாங்க. அந்த அம்மா சொன்னதுதான் சரியான வைத்தியம். அந்தச் சின்ன கேன்ல இருக்கறது சில நிமிஷத்துக்குத்தான் வரும்.

அதனால ரூட்டைத் திருப்பிப் போடுங்க. ஸ்ரீநகர் வழியா ஏறி, மணாலி வழியா இறங்குங்க. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். சோஜி லா தாண்டி திராஸ் வழியா கார்கில், 2,676 மீட்டர், அங்க ஒரு ராத்திரி. மறுநாள் ஃபோட்டு லா, 4,108 மீட்டர், ஏறி இறங்கி நேரா லே போயிடாதீங்க. வழியில அல்ச்சியில தங்குங்க. 3,100 மீட்டர்தான், சிந்து நதி ஓரம், பழைய மடம், ஆப்ரிகாட் தோட்டம், அமைதியான ஊரு. அதுக்கு அடுத்த நாள் லே. பாத்தீங்களா, படிப்படியா ஏறுது. அந்த ரோடே உங்களைப் பழக்கிக் கொண்டு போகுது. ஜம்மு–ஸ்ரீநகர் ரோட்டுல மட்டும் ராம்பன் பக்கம் மழைக்கு மண் சரியும், ஒரு நாள் கூடுதலா கையில இருக்கணும். கிளம்பற வாரத்துல காஷ்மீர் நிலவரத்தையும் பாத்துக்குங்க.

லேயில கூட ஒரு நாள் முழுசா சும்மா இருங்க. மார்க்கெட் வரைக்கும் மெதுவா நடங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கா, பாங்கோங் ஏரிப் பக்கமான்னு பல பேர் குழம்புவாங்க. நுப்ராதான் முதல்ல. கர்துங் லா தாண்டித்தான் போகணும், ஆனா அந்தப் பக்கம் ஹுண்டர், டிஸ்கிட் எல்லாம் 3,100 மீட்டர் சுமாருக்குத்தான், லேயை விடத் தாழ்வு. ரெண்டு ராத்திரி அங்க நல்லாத் தூங்கிட்டு, ஷ்யோக் ஆத்து ஓரமா பாங்கோங் ஏரிக்குப் போங்க. ஏரி 4,225 மீட்டர். அந்தக் குளிர்ல, அந்த உயரத்துல ஒரு ராத்திரி போதும்.

இப்ப 16 நாள் கதை. கோயம்புத்தூர்ல இருந்து ஸ்ரீநகர் 3,300 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். லேயில இருந்து மணாலி, டெல்லி வழியா வீடு வந்து சேர அதே அளவுக்கு மேல. போக ஆறு நாள், வர ஆறு நாள்னு வச்சா, மேல சுத்த உங்க கையில நிக்கறது நாலு நாள். நாலு நாள்ல லடாக் வேண்டாம் தம்பி. அந்த அவசரம்தான் ஆளைப் படுக்க வைக்கும். 22, 23 நாள் லீவு கிடைச்சா கார்லயே போங்க. கிடைக்கலன்னா ஸ்ரீநகர் வரைக்கும் விமானத்துல போயி, அங்கிருந்து டாக்சி எடுங்க. இல்ல, காரை டிரெய்லர்ல டெல்லிக்கு அனுப்பிட்டு நீங்க பின்னாடி போங்க. கன்யாகுமரி–ஸ்ரீநகர் ரோட்டுல ஆறு நாள் உக்காந்து ஓட்டின களைப்போட மலை ஏறறதை விட, இது எவ்வளவோ மேல்.

ஒண்ணு கவனம். சண்டிகர்லயோ மணாலியிலயோ செல்ஃப் டிரைவ் கார், வாடகை பைக் எடுத்துக்கிட்டு லடாக்குள்ள சுத்த முடியாது. லே போயி சேரலாம், ஆனா நுப்ரா, பாங்கோங் பக்கம் உள்ளூர் டாக்சி யூனியன்காரங்க நிறுத்திடுவாங்க. அது அவங்க பிழைப்பு, வருஷத்துல நாலஞ்சு மாசம்தான் வருமானம். லே போனதும் லடாக் வண்டி எடுத்துக்குங்க. சொந்தக் கார்னா ஆர்.சி. உங்க பேர்லயோ அப்பா பேர்லயோ இருக்கட்டும், ஒரிஜினல் கையில இருக்கட்டும்.

அப்பா விஷயம். வயசுக்காகப் பயப்படாதீங்க. உயர நோய் வயசு பாத்து வரது இல்ல. வேகமா ஏறி, போன உடனே துள்ளிக் குதிக்கிற இளவட்டத்தைத்தான் அதிகமாப் பிடிக்கும். ஆனா பிரஷர் இருக்கு, அதனால கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போங்க. 5,000 மீட்டர் தாண்டிப் போறோம்னு வெளிப்படையாச் சொல்லி, இதயத்தை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. பிரஷர் மாத்திரையோட அளவையும் அவரே பாக்கணும். அசிட்டசோலமைடு, அதான் டயாமாக்ஸ்னு சொல்ற மாத்திரை, உடம்பு பழகறதுக்கு உதவும். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க அதைச் சொல்லிட்டுத்தான் கேக்கணும். கடையில நீங்களா வாங்கிப் போடாதீங்க. அப்பாவை ஸ்ரீநகர் வரைக்கும் விமானத்துல வரச் சொல்லுங்க. முதல்ல ஜம்மு வரைக்கும் வெயில்ல கார்ல அலைய வேண்டாம்.

தலைவலி, வாந்தி வர மாதிரி, பசி இல்ல, தூக்கம் இல்ல, இது ஆரம்பம். இது வந்தா அன்னிக்கு மேல ஏறக் கூடாது, அதே இடத்துல ஓய்வு. குறையலன்னா இறங்கணும். ரெண்டு அறிகுறியை மட்டும் நாலு பேரும் மனசுல பதிய வச்சுக்குங்க. ஒரு ஆளு ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு காலை ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடக்க முடியாமத் தள்ளாடினா, மூளையில வீக்கம். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினா, நுரையீரல்ல நீர். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் அப்பவே கீழ இறங்கணும். லேயில எஸ்.என்.எம். ஆஸ்பத்திரி இருக்கு, இதை நிறையப் பாத்துப் பழகினவங்க அங்க இருக்காங்க. யாருக்காவது தலைவலின்னா மறைக்காமச் சொல்லணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே நாலு பேரும் பேசி வச்சிடுங்க. ட்ரிப் கெட்டுடும்னு மறைக்கறவங்கதான் கடைசியில ஆபத்துல மாட்டறாங்க. சரக்கு வேண்டவே வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம்.

ஹான்லே ஆசை நியாயமான ஆசை. நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல தொலைநோக்கி வச்சிருக்கற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கயும் இருக்கு. அந்த ரெண்டு மீட்டர் தொலைநோக்கிக்கு நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர் பேருதான். அமாவாசை பக்கம் போனா பால்வீதி வெறும் கண்ணுக்கே பளிச்சுனு தெரியும். ராத்திரி ஹெட்லைட்டை ஹைபீம்ல போடாதீங்க, அந்த இருட்டைக் காப்பாத்தத்தான் ஊரே ஒழுங்கா இருக்கு. ஆனா இது 4,300 மீட்டர், ஒரு வாரம் மேல பழகின பிறகுதான். உம்லிங் லா 5,798 மீட்டர். எவரெஸ்ட்டுக்கு நேபாளப் பக்கம் இருக்கற அடிவார முகாமை விட அதிக உயரம். அப்பாவை வச்சுக்கிட்டு அங்க போகாதீங்க. போட்டோவுக்காகப் போற இடம் அது, விட்டுடுங்க.

திரும்பறப்போ மணாலி ரோடு. அதுக்குள்ள உடம்பு பழகியிருக்கும், இப்ப சார்ச்சுல தாராளமா ராத்திரி தங்கலாம். இன்னும் சொன்னா, தங்கறதுதான் நல்லது. ஏன்னா நாலா, அதாவது ரோட்டுக்குக் குறுக்க ஓடற பனித்தண்ணி. காலைல கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏறி மேல பனி உருக உருக, மத்தியானத்துக்கு மேல அதே இடத்துல கல்லை உருட்டிக்கிட்டு வரும். சார்ச்சுல இருந்து விடியக்காலைல கிளம்பினா பாராலாச்சா லா பக்கம் தண்ணி குறையா இருக்கறப்போ தாண்டிடலாம். முன்னாடி ஒரு வண்டி இறங்கட்டும், அதோட சக்கரத்துல தண்ணி எவ்வளவு உயரம் வருதுன்னு பாருங்க. முதல் கியர், ஒரே சீரா ஆக்சிலேட்டர், நடுவுல கிளச் மிதிக்காதீங்க. அடி தெரியாத கலங்கல் தண்ணியா இருந்தா, காத்திருங்க.

டீசல் பத்தி சுருக்கமா. மணாலிப் பக்கம் இருந்து வந்தா, கீலாங் ஊருக்கு முன்னாடி 'தாண்டி'ன்னு ஒரு ஊரு, அங்க பங்க்ல "அடுத்த பங்க் 365 கி.மீ."ன்னு போட்ட பலகை ரொம்பப் பிரபலம். நீங்க எதிர்ப்பக்கம் இருந்து வரீங்க, அதனால லேயிலயோ, அதைத் தாண்டி வர 'காரு'ங்கற ஊர்லயோ டேங்க் ஃபுல் பண்ணிட்டுத்தான் கிளம்பணும். மைலேஜ் கால்வாசி குறையும்னு வச்சுக் கணக்குப் போடுங்க. ஹான்லே போனா ஒரு இரும்பு ஜெர்ரி கேன் கூட வேணும். நடுவுல பங்க் இருந்தாலும் அன்னிக்கு அங்க டீசல் இருக்கணுமே.

வழியில ரோடு போடறவங்களைப் பாப்பீங்க. எல்லைச் சாலைகள் அமைப்பான பி.ஆர்.ஓ.வோட ஹிமாங்க் திட்டத்துல, ஜார்க்கண்ட்ல இருந்து வந்து, 5,000 மீட்டர்ல தார் காச்சிக்கிட்டு நிப்பாங்க. நமக்கு நடக்கவே மூச்சு வாங்கற இடம் அது. அவங்க பக்கத்துல வேகத்தைக் குறைங்க, புழுதியை அவங்க மேல அடிச்சுட்டுப் போகாதீங்க. பிஸ்கெட், குளுக்கோஸ் இருந்தா நிறுத்திக் கொடுங்க. ஏரிக்கரை, புல்வெளி மேல காரை ஏத்தாதீங்க. அது சாங்பா இடையர்களோட ஆடுங்க மேயற இடம். ஒரு தடவை டயர் தடம் விழுந்தா அந்தப் புல்லு மறுபடி வளர வருஷக்கணக்காகும்.

மிச்சம் சின்ன விஷயங்க. நம்ம ஊரு ப்ரீபெய்ட் சிம் அங்க எடுக்காது, நாலு பேர்ல ரெண்டு பேராவது வேற வேற கம்பெனி போஸ்ட்பெய்ட் வச்சிருக்கணும். லே தாண்டினா ஏ.டி.எம். நம்பாதீங்க, ரொக்கம் எடுத்துக்குங்க. பர்மிட் விதி அடிக்கடி மாறுது, லே நிர்வாகத்தோட இணையதளத்துல கிளம்பற வாரம் பாத்துப் பணம் கட்டிடுங்க. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கற உறவுக்காரங்க யாராவது கூட வந்தா, அவங்களுக்கு விதியே வேற, லேயில பதிவு பண்ணின ஏஜென்ட் மூலமாத்தான் எடுக்க முடியும்.

ஜூலைதான் வேணுமா, இல்ல செப்டம்பருக்குத் தள்ள முடியுமான்னு வீட்டுல பேசிப் பாருங்க. ஜூலையில மண்டி–மணாலி ரோடு மழையில சரியும். செப்டம்பர் முதல் ரெண்டு வாரம் வானம் தெளிவா இருக்கும், நாலாவுல தண்ணியும் குறைஞ்சிருக்கும். டாக்டர் அப்பாவுக்கு என்ன சொன்னாருன்னு கமெண்ட்ல போடுங்க தம்பி, அதை வச்சு நாள் கணக்கை நாம சேந்து போடலாம்.