மூன்று இறக்கைப் படம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன், முழங்கால் வலிக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவில் ஒரு மஞ்சள் பலகை. வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் வாயால் வரைந்துவிடுகிறேன்: நடுவில் கறுப்பாக ஒரு வட்டப் புள்ளி, அதைச் சுற்றி அகலமான மூன்று கறுப்பு மடல்கள். பக்கத்தில் ஒரு வயதான அம்மா, கூடவே நிறைமாத மருமகள். பேச்சுக்கு, "அது என்ன படம்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உள்ளே ஃபேன் இருக்குன்னு போட்டிருக்காங்க போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர்ப்பலகைகளுக்கும் அறிவிப்புகளுக்கும் படம் போடுவதுதான் என் பிழைப்பு. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். நம் ஊரில் எந்த வீட்டில் அண்ணாந்து பார்த்தாலும் மூன்று இறக்கைதானே சுற்றுகிறது? அந்தப் பலகைக்குக் கீழே, ஒரு வெள்ளைத் தாளில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்: 'கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது.' அந்த அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். உடனே மருமகளை எழுப்பி, தள்ளிப்போய் மரத்தடியில் உட்காரச் சொன்னார்.

கதிர்வீச்சைக் குறிக்கும் அந்தச் சின்னம் 1946இல் பிறந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் சிலர் கூடி வரைந்தார்கள். அணுவிலிருந்து கதிர் கிளம்பிப் பரவுவதைக் காட்டுவதாக அவர்கள் எண்ணம். முதலில் அது மஞ்சளும் கறுப்பும் இல்லை, நீலப் பின்னணியில் கருஞ்சிவப்பு. மஞ்சள் பிறகு வந்தது. முக்கியமான விஷயம் என்னவென்றால், அதைத் தங்கள் கூடத்தில் வேலை செய்யும் ஆட்களுக்காகத்தான் வரைந்தார்கள். அவர்களுக்கு அர்த்தம் முன்பே தெரியும். அந்தப் படம்தான் அப்புறம் உலகம் முழுக்கப் போனது.

படத்துக்கு மொழி தேவையில்லை என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் ரொம்ப ஆழமானது. வியன்னாவில் ஓட்டோ நாய்ராத் என்ற அறிஞர் 1925இல் ஒரு அருங்காட்சியகம் தொடங்கி, நாட்டுக் கணக்குகளைச் சாதாரணத் தொழிலாளிக்கும் புரியும்படி படங்களாகவே போட்டுக் காட்டினார். அவருக்காக கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் வெட்டிய சின்னங்கள் மட்டும் ஏறக்குறைய 4,000. சொற்கள் பிரிக்கும், படங்கள் இணைக்கும் என்பது நாய்ராத்தின் வாக்கு. நான் தொழில் கற்றபோது இதை வேதமாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது பாதியைத்தான் நம்புகிறேன்.

பாதி ஏன் என்றால், சில படங்கள் நிஜமாகவே பேசுகின்றன. தியேட்டரில், மெட்ரோ நிலையத்தில் பச்சை வெளிச்சத்தில் ஒரு மனிதன் கதவைத் தாண்டி ஓடுகிறானே, அதைப் பாருங்கள். 1972இல் ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே குமமோட்டோவில் இன்னொரு பெரிய கடையில் தீ. வெளியேறும் வழியைக் காட்டும் பலகை சரியில்லை என்ற பேச்சு எழுந்து, போட்டி வைத்தார்கள். அதிலிருந்து வந்தவன்தான் இந்த ஓடும் மனிதன். அவனுக்கு இறுதி வடிவம் கொடுத்தவர் யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர். இவன் ஏன் ஜெயித்தான்? கால் எடுத்து ஓடுவது எப்படி இருக்கும் என்று நம் எல்லோர் உடம்புக்கும் தெரியும். கதவும் தெரியும்.

கதிர்வீச்சுக்கு உடம்பு இல்லை. நிறம், மணம், சூடு எதுவும் இல்லை. எதைப் பார்த்து வரைவது?

இதன் விலை என்னவென்று 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தில் தெரிந்தது. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுத்து ஓய்ந்துபோன ஒரு பழைய இயந்திரத்தின் தலைப்பகுதி, காவல் இல்லாத ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் கிடந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற, கதிர் வீசும் உலோகம். பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் அதை எடுத்துப்போய்க் கழற்றப் பார்த்தார்கள். முடியவில்லை. பாங்காக்கை ஒட்டிய சமுத் பிரகான் மாகாணத்தில் ஒரு காயலான் கடைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். பத்துப் பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு, அதில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த இரும்பின் மேல் மூன்று இறக்கைச் சின்னம் இருக்கத்தான் செய்தது. தாய் மொழியில் எச்சரிக்கை இல்லை. எடுத்தவர்களுக்கு அது கனமான ஈயமும் இரும்பும், நல்ல விலை போகும் சரக்கு, அவ்வளவுதான். டெல்லி மாயாபுரியின் காயலான் கடைகளிலும் 2010இல் கோபால்ட்-60 வந்து சேர்ந்து ஒரு தொழிலாளி இறந்தார். அது டெல்லி பல்கலைக்கழகத்தில் பயன்படாமல் கிடந்து ஏலத்தில் போன கருவி.

சர்வதேச அணுசக்தி முகமை அப்புறம் விழித்துக்கொண்டது. இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் பல படங்களைக் காட்டிக் கேட்டு, 2007 பிப்ரவரியில் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணம். மேலே பழைய மூன்று இறக்கை, அதிலிருந்து இறங்கும் அலைகள். கீழே ஒருபக்கம் மண்டையோடும் எலும்புகளும், மறுபக்கம் தப்பி ஓடும் ஒரு மனிதன். ஓட்டாவின் ஆள் இங்கேயும் வந்துவிட்டான் பாருங்கள்! இதைக் கதவில் மாட்டுவதில்லை. கருவியின் மூடியைக் கழற்றத் தொடங்கினால் கண்ணில் படும் இடத்தில் பதிக்கிறார்கள். காயலான் கடைக்காரரை நினைத்துச் செய்த வேலை இது, எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

சரி, மண்டையோடாவது எல்லோருக்கும் புரியுமா?

நமக்குப் புரியும். டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் 'அபாயம்' என்று எழுதி மண்டையோடு வரைந்த பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பந்து உள்ளே விழுந்தால் விழட்டும் என்று திரும்பி வந்தோம். ஆனால் அந்தப் பயத்தைப் படமா கொடுத்தது? அம்மா கொடுத்தது, பக்கத்துத் தெருவில் ஷாக் அடித்துச் செத்த மாடு கொடுத்தது. இதே கபாலத்தை பைரவர் கையில் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். மயிலாப்பூரில் சாமி பெயரே கபாலீஸ்வரர். ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் சிலுவையின் அடியில் ஒரு மண்டையோடு கிடக்கும். அது ஆதாமின் தலை, அங்கே அது மீட்பின் அடையாளம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வேறு மாதிரி சங்கடம். அங்கே பேஸ்பால் அணியின் பெயரே கடற்கொள்ளையர். விஷ பாட்டிலில் மண்டையோடு போட்டால் குழந்தைகளுக்கு அது சாகசமாகத் தெரிந்தது. அதனால் 1971இல் ஒரு குழந்தைகள் மருத்துவமனை, நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் பச்சை முகம் ஒன்றைச் செய்தது.

மருத்துவக் கழிவுப் பைகளில் கொம்பு கொம்பாக வளையங்கள் பின்னிய ஒரு சின்னம் இருக்கும். அதைச் செய்தவர்கள் நேர் எதிர் வழியில் போனார்கள். 1966இல் டௌ கெமிக்கல் நிறுவனத்தில், சார்ல்ஸ் பால்ட்வின் முன்னின்று செய்த வேலை அது. பார்த்தால் எதுவும் புரியக் கூடாது, பார்த்ததை மறக்கவும் கூடாது. இதுதான் நிபந்தனை. அர்த்தத்தை அப்புறம் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், இதைவிட நேர்மையான சின்னம் எனக்குத் தெரிந்து இல்லை.

சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்வரை சரி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், தரைக்குக் கீழே சுமார் 650 மீட்டர் ஆழத்தில், உப்புப் படிவத்துக்குள் அணுக்கழிவைப் புதைக்கிறார்கள். 10,000 ஆண்டுக்கு யாரும் அங்கே தோண்டக் கூடாது. நம் மதுரைப் பக்கம் மாங்குளம் மலையில் உள்ள கல்வெட்டுக்குச் சுமார் 2,200 வயது. தமிழ்தான், ஆனாலும் தெரிந்தவர் துணை இல்லாமல் என்னால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. 10,000 ஆண்டுக்கு என்ன எழுதுவது? அறிவியலாளர் கார்ல் சேகன், மண்டையோடு போடுங்கள், போதும் என்று கடிதம் எழுதினார். இன்னும் சிலர் முள் முள்ளாகப் பிரம்மாண்டமான கற்தூண்கள் நடலாம் என்றார்கள். வலியில் அலறும் முகத்தைச் செதுக்கலாம் என்றும் யோசனை வந்தது.

கடைசியில் படங்களோடு ஐ.நா.வின் ஆறு மொழிகளிலும், அந்தப் பகுதிப் பழங்குடிகளின் நவாஹோ மொழியிலும் கல்லில் எழுதுவது என்று திட்டம். எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடத்தை வெறுமையாக விடவும் சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில் வந்து அதைப் படிக்கிறவர், தம் காலத்து மொழியில் தாமே செதுக்கிவிட்டுப் போவதற்கு.

நன்றி, வணக்கம்.