நீதிபதி ஜான் மார்ஷலின் கடிதங்கள்

(சட்ட மாணவர்கள் கூடிய ஓர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

சட்டம் படிக்கிறவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். 'மார்பரி எதிர் மேடிசன்' வழக்கை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் செல்லாது, அதைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803 பிப்ரவரி 24 அன்று அறிவித்த வழக்கு. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்.

நம் அரசியலமைப்பில் இந்த அதிகாரம் எழுத்திலேயே இருக்கிறது. 1952-இல் சென்னை அரசுக்கும் வி.ஜி. ரோவுக்கும் நடந்த வழக்கில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அமெரிக்காவோடு ஒப்பிட்டு இதைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்க அரசியலமைப்பில் அப்படி வெளிப்படையான வரி கிடையாது. தர்க்கத்தால்தான் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அதனால் கட்டியவர் எப்படிப்பட்டவர், எதற்கு அஞ்சினார், எங்கே தயங்கினார் என்பதெல்லாம் அங்கே முக்கியமாகிறது. மார்ஷலின் தீர்ப்புகளில் தயக்கத்தைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போய், வேறு முடிவே சாத்தியமில்லை என்று உங்களையே ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார். அவருடைய தயக்கமெல்லாம் கடிதங்களில் இருக்கிறது. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கடிதங்களைப் பத்திரப்படுத்தும் பழக்கம் மார்ஷலுக்கு இல்லை. அவருடைய தூரத்து உறவினரும் அரசியல் எதிரியுமான தாமஸ் ஜெபர்சன் தான் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் கருவி வைத்து நகல் எடுத்து அடுக்கியவர். மார்ஷல் எழுதி அனுப்பினார், மறந்தார். யார் யார் வீட்டிலோ தங்கியிருந்தவற்றைத் தேடிச் சேர்த்து, 1974-இல் தொடங்கி 2006 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். கிடைத்திருப்பது அவர் எழுதியதில் ஒரு பகுதிதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1803 ஜனவரி 2. வட கரோலினாவின் ராலே நகரத்திலிருந்து மனைவி பாலிக்கு ஒரு கடிதம். அப்போதைய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தலைநகரத்தில் சில வாரங்கள்தான் அமர்வார்கள். மற்ற நாட்களில் ஆளுக்கொரு வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்த வேண்டும். மார்ஷலுக்கு ரிச்மண்டும் ராலேயும். ராலேக்கு வந்து சேர்ந்ததும் கையிருப்பை எண்ணிப் பார்த்தால், மேல்சட்டைப் பையிலிருந்த 15 வெள்ளி டாலர் காணோம். தைத்துத் தைத்துப் போட்ட பை அது. ஒட்டுப் போட்ட இடங்களையெல்லாம் அரித்துக்கொண்டு வெளியே போய், கரோலினா மணலில் விடுதலை தேடிக்கொண்டன என்று எழுதுகிறார்.

போனது போகட்டும் என்று நீதிமன்றத்துக்குக் கிளம்ப உடை எடுத்து வைக்கச் சொல்கிறார். கூட வந்த பணியாள் பீட்டர் பெட்டியில் கையை விட்டுத் துழாவுகிறார், வெறித்துப் பார்க்கிறார், வியர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் சொல்கிறார்: முழங்கால்சட்டை ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் திட்டிவிட்டு, சரி, ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்று மார்ஷல் ஊருக்குள் போகிறார். முதல் நாள் மட்டும் எப்படியோ சமாளித்துவிட்டால் மீதி நாட்களுக்கு ஒழுங்காக உடுத்திக்கொள்ளலாம், முதல் நாள் கோலத்தை ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்பது கணக்கு. ஆனால் ஊரிலிருந்த எந்தத் தையல்காரருக்கும் நேரமில்லை. தலைமை நீதிபதி என்றாலும் நேரமில்லை! அந்த அமர்வு முழுக்க அந்த முக்கியமான உடுப்பு இல்லாமலே கழிக்க வேண்டியதாயிற்று என்று மனைவியிடம் முறையிடுகிறார். என் அவதியைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்றுதான் கடிதத்தையே தொடங்குகிறார்.

பாலிக்கு உடல்நிலை சரியில்லாத காலம் நீண்டது. சின்னச் சத்தம்கூடத் தாங்காத நரம்புத் தளர்ச்சி. அவரைச் சிரிக்கவைக்கத்தான் இந்தக் கதையை இத்தனை ரசித்து எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்ஷல் அடிமைகளை வைத்திருந்தவர். அந்தப் பெட்டிக்கு முன்னால் வியர்த்து நின்ற பீட்டருக்கு அன்று காலை எப்படி இருந்தது என்று எந்தத் தொகுதியிலும் எழுதியிருக்காது. இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரிக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதம் போய் எட்டு வாரம்கூட ஆகவில்லை, மார்பரி தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வழக்கின் வேர் இன்னொரு கடிதத்தில் இருக்கிறது. என் கணக்கில் 12 தொகுதிகளிலும் முக்கியமான கடிதம் அதுதான்.

1801 தொடக்கத்தில் மார்ஷல் ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலியில் இருந்தார். பிப்ரவரி 4 முதல் தலைமை நீதிபதி. ஜான் ஆடம்ஸ் பதவி விலகும் வரை வெளியுறவு அமைச்சரும் அவரேதான். தேர்தலில் தோற்ற ஆடம்ஸ் போகிற போக்கில் தன் கட்சிக்காரர்களைப் பதவிகளில் நிரப்பினார். தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும் 42 சமாதான நீதிபதிகள், அதாவது சிறு வழக்குகளைப் பார்க்கும் கீழ்நிலை நீதிபதிகள். அதிபர் கையெழுத்திட்ட நியமன ஆணைகளுக்கு அரசு முத்திரை வைத்து அனுப்ப வேண்டியவர் வெளியுறவு அமைச்சர், அதாவது மார்ஷல். முத்திரை வைத்தார். சில ஆணைகள் போய்ச் சேரவில்லை. வில்லியம் மார்பரி என்பவருடைய ஆணை அப்படி அலுவலகத்திலேயே தங்கிய ஒன்று. புதிய அதிபர் ஜெபர்சன் அவற்றைக் கொடுக்க மறுத்தார். மார்பரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பு, புதிய வெளியுறவு அமைச்சர் மேடிசன்.

மார்ச் 18 அன்று தம்பி ஜேம்ஸுக்கு மார்ஷல் எழுதுகிறார். ஆணைகளை நான் அனுப்பாததற்குக் காரணம், குறிப்பிட்ட காலத்துக்கான பதவி என்றால் கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததுமே நியமனம் முழுமையாகிவிடுகிறது என்று நினைத்தேன் என்கிறார். அப்புறம், அனுப்பியிருப்பேன், கடைசி நேர அவசரம், தலைமை எழுத்தர் வேக்னரை வேறு அதிபர் தன் அந்தரங்கச் செயலராக அழைத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால் நியமனம் முடிந்தது, கையில் கொடுப்பது அவசியமில்லை என்பது மார்பரி தீர்ப்பின் முதல் தூண். தீர்ப்பில் அது பல பக்கத்துக்கு நிரூபிக்கப்படுகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அதே கருத்து தம்பிக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வாக்கியமாக வந்திருக்கிறது, தன் மேல் விழக்கூடிய பழிக்கு மறுமொழியாக. தம்பி ஜேம்ஸும் வெளியாள் இல்லை. தலைநகரை ஒட்டிய அலெக்சாண்டிரியாவுக்குச் சில ஆணைகளை எடுத்துப்போகப் போனவர். எல்லாவற்றையும் கொண்டுபோக வசதிப்படாமல் சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டு வந்ததாக உச்ச நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தவர். அண்ணன் முத்திரை வைத்த ஆணை, தம்பி சாட்சி, அண்ணனே நீதிபதி.

மார்ஷல் விலகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. விலகத் தெரியாதவர் இல்லை அவர். ஒரு வாரத்துக்குள், மார்ச் 2 அன்று முடிவான ஸ்டூவர்ட் எதிர் லேர்ட் வழக்கில், தான் ரிச்மண்டில் விசாரித்த வழக்கு அது என்பதால் ஒதுங்கி நின்றார். மார்பரியில் ஒதுங்கவில்லை. அந்தத் தீர்ப்பை இன்றும் மதிக்கிறவன் நான். ஆனால் அந்த மார்ச் 18 கடிதத்தைப் படிக்காமல் மதிப்பதற்கும் படித்துவிட்டு மதிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அதே 1801 மார்ச் 4-ஆம் தேதிக் கடிதம் ஒன்றும் இருக்கிறது. ஜெபர்சன் பதவியேற்ற நாள். காலையில் தன் கட்சிக்காரரான, தென் கரோலினாவின் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னிக்கு எழுத உட்கார்கிறார் மார்ஷல். ஜெபர்சன் கட்சியில் இரண்டு வகை ஆட்கள், வெறும் கோட்பாடு பேசுகிறவர்கள், பயங்கரவாதிகள். ஜெபர்சனை இரண்டாவது வகையில் சேர்க்க எனக்கு மனமில்லை, அவர்களோடு அவர் சேர்ந்தால் நாட்டுக்குப் பெரிய கேடு என்று எழுதுகிறார். பாதியில் எழுந்து போகிறார். யாரை நினைத்துக் கவலைப்பட்டாரோ அவருக்கே பதவிப் பிரமாணம் செய்துவைத்துவிட்டு வருகிறார். மாலை 4 மணி என்று குறித்துவிட்டுத் தொடர்கிறார்: பேச்சு மொத்தத்தில் நிதானமாகவும் இணக்கமாகவும் இருந்தது. காலையில் அச்சம், மாலையில் நியாயமான மதிப்பீடு. எதிரியின் பேச்சைக் கேட்டுவிட்டு அன்றைக்கே தன் கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும் மனம் எத்தனை பேருக்கு இருக்கும்?

அச்சம் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 1802-இல் ஜெபர்சன் கட்சியின் நாடாளுமன்றம் புதிய சுற்று நீதிமன்றங்களைக் கலைத்து, உச்ச நீதிமன்ற நீதிபதிகளே பழையபடி சுற்றில் போக வேண்டும் என்று சட்டம் போட்டது. இது அரசியலமைப்புக்கு ஒத்ததா என்று மார்ஷலுக்கே ஐயம். உடனிருந்த நீதிபதிகளுக்கு ஒவ்வொருவராக எழுதிக் கேட்கிறார். மறுத்தால் விளைவு கடுமையாக இருக்கும், லேசாக முடிவெடுக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார். சாமுவேல் சேஸ் மறுக்கலாம் என்றார். மற்றவர்கள் போவோம் என்றார்கள். போனார்கள். கால்சட்டை இல்லாமல் ராலேயில் அமர்ந்ததே அந்த முடிவால் வந்ததுதான்.

அந்த சேஸ் மீதே பிறகு பதவி நீக்க நடவடிக்கை பாய்ந்தது. அந்த நெருக்கடியில் அவருக்கு மார்ஷல் எழுதிய கடிதத்தைப் படித்தால் திகைப்பாக இருக்கும். நீதிபதியின் தீர்ப்பு தவறு என்று சட்டமன்றம் கருதினால், தீர்ப்பையே சட்டமன்றம் மாற்றிக்கொள்ளட்டும். அறியாமல் தவறிய நீதிபதியைத் தூக்கி எறிவதைவிட அது நம் இயல்புக்குப் பொருத்தம் என்கிறார். சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதித்துறையின் கடமை என்று தீர்ப்பில் முழங்கிய அதே மனிதர்! சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த நாட்களில் நீதிமன்றம் எத்தனை பலவீனமாக இருந்தது என்று இந்த ஒரு கடிதம் காட்டுகிறது. சேஸ் 1805 மார்ச் 1 அன்று செனட்டில் தப்பித்தார். அதன் பிறகு அப்படி ஒரு யோசனையை மார்ஷல் கிளப்பியதாகத் தெரியவில்லை.

1819-ஐயும் தொட்டுவிட்டுப் போகிறேன். மத்திய வங்கிக்கு மாநிலங்கள் வரி போட முடியாது என்ற மெக்கல்லக் தீர்ப்பு வந்ததும் வர்ஜீனியா கொதித்தது. நம் தீர்ப்பு வர்ஜீனியாவின் உறங்கும் ஆவியை எழுப்பிவிட்டது, அது என்றாவது உறங்குமென்றால், என்று சக நீதிபதி ஜோசப் ஸ்டோரிக்கு எழுதுகிறார். வர்ஜீனியா நீதிபதி ஸ்பென்சர் ரோன் முதலியவர்கள் புனைபெயரில் பத்திரிகையில் தாக்க, மார்ஷலும் புனைபெயரில் பதில் எழுதினார். சக நீதிபதி புஷ்ராட் வாஷிங்டன் மூலமாகப் பத்திரிகைக்கு அனுப்பி, அச்சகத்தார் கட்டுரையைக் குழப்பிவிட்டதைக் கண்டு, வேறு பத்திரிகையில் சரியாகப் போடச் சொல்லி மறுபடியும் புஷ்ராடுக்கு எழுதுகிறார். தன் தீர்ப்புக்குத் தானே மறைந்து நின்று வக்காலத்து! அந்தக் கட்டுரைகளை 1969-இல் பேராசிரியர் ஜெரால்ட் கன்தர் நூலாக வெளியிட்டார்.

இனி சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கடிதம். 1831-இல் ஸ்டோரியின் மகள் இறந்துபோகிறாள். நீங்களும் குழந்தையை இழந்திருக்கிறீர்களா என்று ஸ்டோரி கேட்கிறார். நான்கை இழந்தோம் என்று மார்ஷல் பதில் எழுதுகிறார், கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்கு முந்திய துக்கத்தை. ஒரு மகள் போய்ப் பதினைந்து நாளுக்குள் ஒரு மகன். குழந்தை போகப்போகிறது என்று தெரிந்ததும் பாலியைக் குழந்தையின் படுக்கையருகிலிருந்து இழுத்து அப்புறப்படுத்துகிறார். உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. முடிந்துவிட்டது என்று இருவரும் நினைக்கிறார்கள். மார்ஷல் உள்ளே போய்ப் பார்த்தால் மூச்சு இருக்கிறது. ஆனால் பிழைக்காது. மகன் இறந்த வேதனையை மனைவி ஒருமுறை அனுபவித்துவிட்டாள், இரண்டாவது முறை வேண்டாம் என்று உண்மையை மறைத்து அவரை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். குழந்தை இன்னும் இரண்டு நாள் உயிரோடிருந்தது. ஒருவேளை பிழைத்துவிட்டால் ஓடிப்போய் அவளிடம் சொல்லலாமே என்று அந்த இரண்டு நாளும் அவ்வப்போது மனம் ஏங்கியது என்கிறார். பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பப் பாலிக்கு மனம் வரவில்லை. திரும்பி வரச் சொல்லிச் செய்யுளில் ஒரு கடிதம் எழுதினாராம். நண்பனின் துக்கத்துக்கு ஆறுதலாக எழுத உட்கார்ந்தவர், தன் வீட்டில் நடந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று பாலியும் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு, 1832 செப்டம்பர் 22, மறுபடியும் ஸ்டோரிக்கு: நம் அரசியலமைப்பு நீடிக்காது என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல, மனமில்லாமல் வந்துகொண்டிருக்கிறேன், இந்த ஒன்றியம் இதுவரை நின்றதே அற்புதங்களால்தான், அவை தொடருமா என்று அஞ்சுகிறேன். தென் கரோலினா மத்தியச் சட்டங்களை மதிக்கமாட்டேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த நேரம். முப்பது வருடத்துக்கு மேல் அந்த அரசியலமைப்புக்குத் தூணாக இருந்தவர் எழுதுகிறார் இதை. எழுதிவிட்டுப் பதவியை விட்டுப் போகவில்லை. 1835 ஜூலை 6 அன்று இறக்கும் வரை அதே இருக்கையில்தான் இருந்தார்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. 12 தொகுதிகளையும் தேட வேண்டாம். ஆறாவது தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிங்க்னிக்கு எழுதியது, தம்பிக்கு எழுதியது, ராலேயிலிருந்து பாலிக்கு எழுதியது, சேஸுக்கு எழுதியது எல்லாம் அதில் இருக்கின்றன. மார்பரி தீர்ப்பும் அதிலேயே இருக்கிறது. தீர்ப்பை முதலில் படிக்காதீர்கள். 1801 மார்ச்சிலிருந்து கடிதங்களைப் படித்துக்கொண்டே வந்து, அதை அதன் தேதியில் படியுங்கள்.

நன்றி, வணக்கம்.