முஸ்தபா பெக்கை ஏன் யாரும் நம்பவில்லை?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளையர் ஆட்சிக் கால வரலாற்றைப் பிள்ளைகள் மனத்தில் நிறுத்துவது பாடநூலா, துப்பறியும் கதையா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் துப்பறியும் கதைக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். கதையில் கற்பனை கலந்துவிடும், பிள்ளை எது நிஜம் என்று தெரியாமல் குழம்பிப்போகும் என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு ரத்தமும் கொலையும் எதற்கு என்றும் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நம் வேலூர்க் கோட்டைக்குள் ஒரு நடை போய் வரலாம்.

1806 ஜூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சி நடந்தது. பாடநூல் காரணங்களைச் சொல்கிறது, விளைவுகளைச் சொல்கிறது, பயிற்சி வினாவோடு பாடத்தை முடித்துவிடுகிறது. பிள்ளை படிக்கிறது, எழுதுகிறது, மதிப்பெண்ணும் வாங்குகிறது. ஆனால் அதன் வாயிலிருந்து ஒரு கேள்வியாவது வருகிறதா? வராது. அது கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் தந்தாயிற்றே!

சரி, இதே ஊர், இதே கோட்டை, துப்பறியும் கதைக்காரர் எங்கே தொடங்குவார்? ஜூன் 17-இல் தொடங்குவார். அன்றைக்கு முஸ்தபா பெக் என்ற சிப்பாய் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், 'சிப்பாய்கள் சதி செய்கிறார்கள்' என்று சொல்லிவிட்டார். விசாரிக்கும் பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? அதே படையின் இந்திய அதிகாரிகளிடம். அவர்கள் விசாரித்து, 'இவனுக்குப் புத்தி சரியில்லை' என்று சொல்லிவிட்டார்கள். முஸ்தபா பெக்கை விலங்கிட்டு அடைத்தார்கள். மூன்று வாரம் கழித்து, அவர் சொன்னது அப்படியே நடந்தது.

இதைக் கேட்ட பிள்ளை சும்மா இருக்குமா? விசாரித்தவர்களே சதியில் இருந்தார்களா? கர்னல் ஏன் நம்பவில்லை? முஸ்தபா பெக் செய்தது துரோகமா, தன் உயிருக்குப் பயந்ததா? அப்புறம் ஆங்கிலேயர் அவருக்குப் பரிசு கொடுத்தார்களே, அதை வாங்கும்போது அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? நடுவர் அவர்களே, இந்தக் கேள்விகளுக்குப் பாடநூலில் இடமே கிடையாது.

தலைப்பாகையை எடுத்துக்கொள்ளுங்கள். 'புதிய தலைப்பாகை சிப்பாய்களின் மத உணர்வைப் புண்படுத்தியது' என்று பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கதையில் அந்தத் தலைப்பாகை ஒரு தடயம். கோட்டைக்குள் தண்ணீர் சுமக்கும் ஒரு பையனைக் கற்பனை செய்யுங்கள். அவன் அதைக் கையில் வாங்குகிறான், திருப்பிப் பார்க்கிறான். முன்பக்கம் தோலில் செய்த ஒரு குஞ்சம். முகர்ந்து பார்க்கிறான். என்ன தோல் இது? மாட்டுத் தோலா, பன்றித் தோலா? அவனைச் சுற்றி நிற்கும் இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி வெட்ட வேண்டும் என்ற உத்தரவு முன்பே வந்தாயிற்று. மே மாதம் தலைப்பாகையை மறுத்த இருவருக்கு, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும், ஆளுக்கு 900 கசையடி தண்டனை. இத்தனையும் அந்தப் பையன் கையில் இருக்கும் ஒரு துண்டுத் தோலிலிருந்து விரிகிறது. இதை எந்தப் பிள்ளை மறக்கும்?

அப்புறம் ஜூலை 9. கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்த, மறைந்த திப்பு சுல்தானின் குடும்பத்தில் திருமணம், அவருடைய மகளுக்கு. வந்துபோகும் கூட்டம் ஒருபுறம். மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால் சிப்பாய்கள் பலர் கோட்டைக்குள்ளேயே படுத்திருந்தது மறுபுறம். திருமணம் ஒரு மறைப்பா, தற்செயலா? வரலாற்று ஆய்வாளர்களே திப்புவின் பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று இன்னும் வாதாடுகிறார்கள். தீராத வழக்கைத் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பிள்ளையை ஏன் ஏமாற்ற வேண்டும்?

இப்போது எதிரணி அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். கற்பனை கலக்கும், உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. தண்ணீர் சுமக்கும் பையன் கற்பனை என்று நூலின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும், எழுதாதவரை நானும் கண்டிப்பேன். ஆனால் அம்மா, நம்மிடம் இருக்கும் பதிவுகள் மட்டும் யார் எழுதியவை? பெரும்பாலும் ஜெயித்தவர்கள் எழுதியவை. சுட்டுக் கொல்லப்பட்ட சிப்பாய் தன் பக்கத்தை எழுதி வைத்துவிட்டா போனார்? சாட்சி சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன லாபம், அவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்கப் பழக்குவது துப்பறியும் கதைதான். கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒரு கோழிக்கொட்டகையில் ஒளிந்து தப்பித்தார், அதை எழுதியும் வைத்தார். அவர் சாட்சியையும் பிள்ளைகள் கேட்கட்டும். ஒளிந்திருந்த இடத்திலிருந்து அவரால் எதைப் பார்த்திருக்க முடியும், எதைப் பார்த்திருக்க முடியாது என்றும் கேட்கட்டும்.

வேலூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. கதையைப் படித்துவிட்டு மாலையில் அகழியோரம் நடந்துபோய்ச் சரிபார்க்கலாம். மதிலின் உயரத்தை நிமிர்ந்து பார்க்கலாம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் வெகுகாலம் சாமியே இல்லாமல் இருந்தது ஏன், 1981-இல் லிங்கம் எப்படித் திரும்பி வந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்கலாம். அதுவே அடுத்த கதைக்கு ஆகும்.

இரண்டாவது, ரத்தம். அம்மா கேட்டது நியாயமான கேள்வி, அதை நான் ஒதுக்க மாட்டேன். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்த பிறகு, அரண்மனையில் தஞ்சம் புகுந்த சுமார் நூறு சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். இதை விவரித்து எழுத வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். அன்று அங்கே இருந்த பிளாக்கிஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பின்னாளில் தன் நினைவுகளை எழுதினார். அன்றைக்கு அந்தக் காட்சியைப் பெரிதாகக் கலங்காமல்தான் பார்த்தாராம். ஆனால் இத்தனை காலம் கழித்து அதைச் சரியென்று ஒப்புக்கொள்ளத் தனக்கே கடினமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நடுவர் அவர்களே, ஒரு துளி ரத்தம் காட்டாமல், அந்த மனிதரை வயதான காலத்தில் நம் தண்ணீர்க்காரப் பையன் எதிரில் உட்கார வைத்து, 'ஐயா, அன்றைக்கு ஏன் நீங்கள் தடுக்கவில்லை?' என்று கேட்க வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி புரியும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.