வலக்கை மறுத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்து வரும் ஆசிரியை நான். பியானோவுக்கான கிரேடு தேர்வு நெருங்கும் மாதங்களில் அஸ்தம்பட்டியிலிருந்தும் ஃபேர்லேண்ட்ஸிலிருந்தும் வரும் மாணவர்களில் ஒருவரேனும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வகுப்புக்குள் நுழைவதைக் காண்கிறேன். அப்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர். அவருடைய வாழ்க்கையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1928-இல் சான் பிரான்சிஸ்கோவில், புலம்பெயர்ந்து வந்த ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தைக்குத் தொப்பித் தொழில். மகன் நாட்டின் குடியரசுத் தலைவராக வேண்டும், இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞராக வேண்டும் என்பது தாயின் தீர்மானம். பிள்ளை பிறந்த அன்றே டாக்டர் என்று முடிவு செய்துவிடும் நம் ஊர் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஒன்பது வயதில் அந்தச் சிறுவன் ஆர்ட்டூர் ஷ்னாபெல் என்னும் பியானோ மேதையிடம் சேர்ந்தான். சிறு பிள்ளைகளை மாணவராக ஏற்காத ஷ்னாபெல், மேடையில் வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவனை ஏற்றுக்கொண்டார். ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னியின் குரு பீத்தோவன். நம் முத்துசுவாமி தீட்சிதர் வாழ்ந்த அதே காலத்தில் வாழ்ந்த பீத்தோவனிடமிருந்து நான்கே தலைமுறைகளில் இறங்கி வந்த சிஷ்ய பரம்பரை அது.

1944-இல், பதினாறு வயதில், நியூயார்க் கார்னகி ஹாலில் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். கான்செர்ட்டோ என்பது தனிக் கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 1952-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கும் அரசி எலிசபெத் போட்டியில் முதற்பரிசு வென்றார். அதற்கு முன் எந்த அமெரிக்கரும் அதை வென்றதில்லை. பிறகு ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாண்ட் இசைக்குழுவோடு பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்தார். இவ்வளவு உயரத்தில் இருந்தபோதுதான், 1964-இல், அவருடைய வலக்கையின் நான்காம் விரலும் சுண்டுவிரலும் உள்நோக்கிச் சுருளத் தொடங்கின. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. ஜார்ஜ் செல்லின் குழுவோடு சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பெரும் பயணம் கைவிட்டுப் போயிற்று.

அந்த நோய்க்கு டிஸ்டோனியா என்று பெயர். கையில் காயமோ எலும்பு முறிவோ இருக்காது. பழகிய அந்த ஒரு வேலையைச் செய்ய முற்படும்போது மட்டும் விரல்கள் சொன்னபடி கேட்காது. ஒவ்வொரு விரலையும் இயக்க மூளையில் தனித்தனி இடம் உண்டு. ஒரே அசைவை அளவு மீறித் திரும்பத் திரும்பச் செய்யும்போது, வரப்பு கரைந்த வயல்களைப் போல அந்த இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதாக மருத்துவ ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் சொல்லக்கூட மருத்துவர்கள் தடுமாறினார்கள். விரல் தளர்கிறது என்று உணர்ந்த ஃப்ளைஷரோ இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார். என் மனத்தை உறுத்தும் இடம் இதுதான். வலித்தால் இன்னும் கொஞ்சம் வாசி, சரியாகிவிடும் என்று பிள்ளையின் அருகில் உட்கார்ந்து சொல்லும் பெற்றோரை நான் அறிவேன். அவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் வலிக்கும் கைக்கு அன்றைக்கு ஓய்வு கொடுப்பதும் சாதகத்தின் ஒரு பகுதியே என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் அளவில் அவர் மனமுடைந்து கிடந்தார். பின்னர் எழுந்ததற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள பீபாடி இசைக்கல்லூரியில் அவர் ஏற்கெனவே ஏற்றிருந்த ஆசிரியப் பணி. முன்பெல்லாம் மாணவரை ஒதுக்கிவிட்டுத் தாமே வாசித்துக் காட்டியவர், இப்போது ஓர் இசைத்தொடரின் மூச்சையும் எடையையும் வாய்மொழியாகவே உணர்த்தக் கற்றுக்கொண்டார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

மற்றொன்று, இடக்கைக்கென்றே எழுதப்பட்ட இசை. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற பியானோ கலைஞர், பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து இத்தகைய படைப்புகளை எழுத வைத்தார். அவற்றுள் தலையாயது ராவெலின் கான்செர்ட்டோ. கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் உங்கள் இடக்கையை மேசைமீது கவிழ்த்து வையுங்கள். பெருவிரல் வலப்புறம் இருக்கிறது அல்லவா? பியானோவில் வலப்புறம் போகப்போகச் சுருதி உயரும். ஆகவே கையின் மிக வலிய விரலுக்கு மேல்வரியின் மெட்டு வாய்க்கிறது. மற்ற நான்கு விரல்களும் கீழே தாவித்தாவி தாழ்ந்த ஒலிகளையும் துணை ஒலிகளையும் தருகின்றன. கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

1982-இல் பால்டிமோரில் புதிய அரங்கின் திறப்பு விழாவில் ஃப்ளைஷர் இரு கைகளாலும் வாசித்தார். ஊர் கொண்டாடியது, கை இன்னும் தேறவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, மீண்டும் இடக்கைக்கே திரும்பினார். 1990-களில்தான், இறுகும் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் திசுக்களை நீவிவிடும் சிகிச்சையும் சேர்ந்து விரல்களை ஓரளவு விரித்துக் கொடுத்தன. நோய் முற்றிலும் விலகவில்லை. ஊசியின் பலன் சில மாதங்களே நிற்கும் என்பதால் அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அப்படியே வாசித்து, அப்படியே கற்பித்து, 2020 ஆகஸ்டில் 92 வயதில் காலமானார்.

என் மாணவர்களுக்கு நான் அவருடைய இரண்டு பதிவுகளைக் கேட்கக் கொடுப்பதுண்டு. ஒன்று, ஜார்ஜ் செல்லின் குழுவோடு வாசித்த பீத்தோவனின் நான்காம் கான்செர்ட்டோ. அதில் இசைக்குழு தொடங்குமுன் பியானோ தனியே பேசும் அந்தச் சில நொடிகள். மற்றொன்று, 2004-இல் வெளிவந்த இருகைப் பதிவில் உள்ள இசையமைப்பாளர் ஷூபெர்ட்டின் கடைசி சொனாட்டா, அதாவது பியானோ தனித்து வாசிக்கும் படைப்பு. ஷூபெர்ட்டை முதலில் கேளுங்கள். அவசரமில்லாத ஒரு மாலையில், ஏற்காட்டுக்குச் செல்லும் நாளென்றால் அங்கேயே கேளுங்கள். முதல் பகுதியில், மெல்லிய மெட்டுக்கு அடியில் இடக்கை எழுப்பும் தாழ்ந்த நடுக்க ஒலியைத் தவற விட வேண்டாம். நன்றி, வணக்கம்.