50 வாட் × 4 என்பது என்ன கணக்கு? காரில் ஸ்டீரியோ மாற்றும் முன்

[காட்சி: கடை மேஜை. புது ஸ்டீரியோவின் பெட்டி. அதன் மேல் ‘50 வாட் × 4’ என்ற எழுத்து பெரிதாகத் தெரிகிறது.]

சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்டீரியோ வாங்கப் போனால் பேச்சு ஸ்கிரீனில்தான் தொடங்கும். 9 அங்குலமா, 10 அங்குலமா, எத்தனை ஜிபி ரேம்? பெரிய ஸ்கிரீன் மேப் பார்க்க வசதிதான். ஆனால் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், பணம் போக வேண்டிய இடம் டேஷ்போர்டு இல்லை, முன்கதவு. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் இந்தப் பெட்டியில் இருக்கும் எண். நான்கு ஸ்பீக்கருக்குத் தலா 50 வாட் என்பதுதான் ‘50 வாட் × 4’. இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் கிடைக்கும். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வாட் வரும். பெட்டியில் போட்டிருக்கும் 50 இதுதான். ஆனால் இந்த அளவு வரவேண்டும் என்றால் ஒலி அலையின் தலை முழுக்க வெட்டுப்பட்டு, சதுரமாக வர வேண்டும். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது, வெறும் இரைச்சல். சிதையாத அலைக்கு அதே கணக்கைப் போட்டால் பாதிதான், 26 வாட். ஸ்டீரியோவுக்குள் ஒலியைப் பெருக்கும் சிப்பில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 20 வாட் பக்கம் நிற்கும். கம்பெனி ஸ்டீரியோவிலும் பெரும்பாலும் இதே மாதிரி சிப்தான் இருக்கிறது. அதனால் பெட்டியின் உள்ளே ‘ஆர்எம்எஸ்’ (சிதையாமல் தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருக்கும் எண்ணைத் தேடிப் பாருங்கள். அது எங்கேயும் இல்லை என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம்.

[காட்சி: ஒரு கையில் ஸ்பீக்கர். மேஜையில் வட்டமாக ஓட்டை போட்ட தடிமனான அட்டை.]

இது 6.5 அங்குல ஸ்பீக்கர். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் முன்கதவில் இந்த அளவுதான். இப்படிக் கையில் பிடித்துக்கொண்டே ஒரு பாட்டைப் போடுகிறேன். குரல் கேட்கிறது, தவிலும் டிரம்ஸும் காணோம். சரி, இப்போது இதை அட்டையின் ஓட்டை மேல் அழுத்திப் பிடிக்கிறேன். கேட்டீர்களா? பேஸ் வந்துவிட்டது! ஸ்பீக்கரும் மாறவில்லை, வால்யூமும் மாறவில்லை. ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தடுப்பு வந்ததும் பிரிந்துவிட்டன.

காரில் இந்த அட்டையின் வேலையைச் செய்ய வேண்டியது கதவு. ஆனால் கதவின் உள்தகட்டைப் பாருங்கள், பெரிய பெரிய ஓட்டைகள். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும். இதில் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் பாதி பேஸ் ஓட்டை வழியாகவே அடிபட்டுப் போகும். அதனால் வெளித்தகட்டில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் தாள்) ஒட்டி, உள்தகட்டின் ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரைச் சுற்றி ஃபோம் வளையம் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். கம்பெனி ஸ்பீக்கரே இதற்கு அப்புறம் வேறு மாதிரி பேசும். பட்ஜெட் சின்னது என்றால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

இரண்டு விஷயத்தில் கண் வையுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அந்தத் துளையை ஷீட்டால் மூடினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இன்னொன்று, கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும். காந்தம் கண்ணாடியில் இடிக்கக் கூடாது.

[காட்சி: டேஷ்போர்டு திறந்திருக்கிறது. கம்பெனி கப்ளரும் மாற்றுக் கப்ளரும் பக்கத்தில் பக்கத்தில்.]

இனி ஸ்டீரியோ. டபுள் டின் என்ற அளவு ஸ்டீரியோ என்றால் சுமார் 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். டொயோட்டாவில் அகலம் 200 என்பதால் இரு பக்கமும் இடைவெளி விழும். உங்கள் காருக்கென்று வரும் ஃப்ரேமையே வாங்குங்கள். ஏசி கண்ட்ரோல், கேமரா எல்லாம் கம்பெனி ஸ்கிரீனோடு சேர்ந்திருக்கும் புதுக் கார்களில் ஸ்கிரீனைக் கழற்ற வேண்டாம். ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஆம்ப் (ஒலிபெருக்கும் பெட்டி) தனியாக வைத்தால் போதும்.

வயரை வெட்ட மட்டும் விடாதீர்கள். “வெட்டி முறுக்கி டேப் சுத்திடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை” என்று யாராவது சொன்னால், உங்கள் காருக்கான கப்ளர் (வெட்டாமல் வயர்களை இணைக்கும் பிளக்) வரும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி, முறுக்கு வெளியே வந்தால் ஷார்ட் ஆகும். வாரண்டிக்கும் சிக்கல்.

ஸ்டீரியோ பக்கம் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட், சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும். கருப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு தடவை வண்டியை அணைக்கும்போதும் செட்டிங் அழிந்துவிடும். இரண்டையும் மஞ்சள் லைனிலேயே சேர்த்தால் வண்டி நிற்கும்போது பேட்டரி இறங்கும். புது ஸ்டீரியோ போட்டதும் எஃப்எம் மட்டும் கரகர என்றால் நீல வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் ஆன்டெனாவுக்குள் ஒரு சின்ன ஆம்ப் இருக்கிறது, அதற்குக் கரண்ட் கொடுப்பது அந்த வயர்தான்.

செட்டிங்கில் ஒன்றே ஒன்று. கதவு ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் ஃபில்டரை, அதாவது ஓர் அளவுக்குக் கீழே உள்ள பேஸைத் தடுக்கும் செட்டிங்கை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸுக்கென்று தனி சப்வூஃபர் இல்லையென்றால் 60 போதும். ஸ்பீக்கரால் தாங்க முடியாத பேஸ் அதற்குப் போகாது என்பதால் அதே ஸ்பீக்கர் அதிக வால்யூமிலும் சிதையாமல் பாடும்.

கதவுப் பேனலை மாட்டும் முன் ஒரு சோதனை. ஃபேடரை (முன்-பின் ஸ்பீக்கர் அளவு) முன்னால் தள்ளி, பேஸ் உள்ள பாட்டைப் போட்டு, பேலன்ஸை (இடது-வலது அளவு) நடுவில் வையுங்கள். பேஸ் மெலிந்து, பேலன்ஸை ஒரு பக்கம் மட்டும் திருப்பும்போது கூடினால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. அதை அப்போதே அந்தக் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள். பேனல் மாட்டிய பிறகு யாரும் திறக்க மாட்டார்கள்.