கணக்குப்பிள்ளையின் சின்ன நோட்டு

நடுவர் அவர்களே, பந்தல் போட்ட கையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

மர்மக் கதையில் வரும் குற்றவாளிக்கு உயிர் கொடுப்பது கற்பனையா, குற்றவாளியின் மனத்தைத் தேடிப் படித்த உழைப்பா? உழைப்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"கம்பன் எந்த உளவியல் படித்துவிட்டுக் கூனியைப் படைத்தான்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார் எதிரணி அண்ணன். காரைக்குடியில் நின்று கம்பனை இழுத்தால் கை தட்டாமல் இருப்பார்களா! ஆனால் அண்ணே, கூனி கொதித்துப்போய்க் கைகேயியின் அரண்மனைக்கு வரும்போது அவள் மனத்தில் என்ன ஓடுகிறது? என்றோ ஒருநாள் இராமன் வில்லால் தன்மேல் அடித்த மண் உருண்டை. ஒரு ராஜ்ஜியத்தையே கலைக்கப் போகிறவளுக்கு அத்தனை சின்னக் காரணம்! மனிதர்களைக் கூர்ந்து படித்தவனுக்குத்தான் அது தெரியும். கம்பனுக்கு அந்தக் கண் இருந்தது. எனக்கு இல்லை. என் முதல் கதையில் வில்லனுக்குக் கன்னத்தில் தழும்பும் சிவந்த கண்ணும் வைத்தேன். படித்துவிட்டு எங்கள் தெரு ஆச்சி கேட்டார்: "ஏன் ஆத்தா, இந்த மூஞ்சியை முகப்புலயே பார்த்துட்டு எப்படி உள்ள விட்டாக?"

அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். டொனால்ட் கிரெஸ்ஸி என்று ஓர் அமெரிக்கக் குற்றவியலாளர். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிவிட்டுச் சிறைக்குப் போனவர்களிடம் உட்கார்ந்து பேசி, 1953-ல் புத்தகம் எழுதினார். அவர் கண்டது மூன்று. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி. கைக்கு எட்டும் பெட்டி. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: பணத்தைத் தொடும்போது தன்னைத் திருடன் என்று நினைக்காமல் இருக்க அவர்கள் வைத்திருந்த சமாதானம். 'எடுக்கவில்லை, கடனாக வாங்குகிறேன், திருப்பி வைத்துவிடுவேன்.'

இதைப் படித்ததும் தேவகோட்டை வீடு ஒன்றில் என் அடுத்த கதை தொடங்கிவிட்டது. ரங்கூன் கடையிலிருந்து பணம் வரும் காலம். கணக்குப்பிள்ளை நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், பேரேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. மகளுக்குச் சீர் செய்யப் பணமில்லை. வெளியில் சொன்னால் மானம் போய்விடும். ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கூட்டல், சரியாகவே இருக்கிறது, பணம் மட்டும் குறைகிறது. ஊர் சந்தேகப்படுவதோ சமையல்காரர் மகனை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு திக்குகிறான். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்.

இங்கேயும் படிப்புதான் கைகொடுத்தது. ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று மனிதர்களைக் கணிக்கச் சொன்ன ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பாண்ட், டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் சொன்னது, சராசரியாக 100-க்கு 54 முறைதான் நாம் சரியாகச் சொல்கிறோம் என்று. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்! கண்ணைப் பார்க்காதவன் கள்ளன் என்று எழுதுவது எத்தனை சுலபம், எத்தனை தப்பு.

படித்ததையெல்லாம் கதையில் கொட்டினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும் என்றார் எதிரணித் தங்கை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்காமல் எழுதினால் என்ன ஆகிறது? இரக்கமும் குற்ற உணர்வும் இல்லாத 'சைக்கோபாத்' குணம் ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ராபர்ட் ஹேர் என்ற உளவியலாளர் உருவாக்கிய பட்டியலில் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மதிப்பெண். பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய பதிவுகளையும் புரட்டித்தான் மதிப்பெண் போட வேண்டும். நம் கதைகளில் ஒருத்தன் கண்ணாடியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் போதும், சைக்கோ!

மணி அடிக்கிறீர்கள். முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன், நடுவரே. கணக்குப்பிள்ளை மாட்டியது ஒரு சின்ன நோட்டால். எடுத்த ஒவ்வொரு தொகையையும் தேதி போட்டு அவரே எழுதி வைத்திருந்தார். திருடன் கணக்கு எழுதுவானா? கடன் வாங்கியவன் எழுதுவான். வீட்டின் உள்முற்றமான வளவில் வைத்து அந்த வீட்டு ஆச்சி நோட்டை நீட்டும்போது அவர் முகத்தில் பயமே இல்லை, கொஞ்சம் வருத்தம்தான். "வட்டியும் போட்டு வச்சிருக்கேன் ஆச்சி" என்கிறார்.

முதல்தொகை கிரெஸ்ஸியிடம் வாங்கியது, அண்ணே. வட்டி மட்டும் என் கற்பனை. அதை உங்கள் அணிக்கே வரவு வைத்துக்கொள்ளுங்கள்.