டிஸ்க் சுற்றுகிற சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறோம். அதில் புதிதாக விண்டோஸோ லினக்ஸோ ஏற்றலாம் என்று டிவிடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்து நிற்கிறது: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’, அதாவது கிளம்புவதற்கு ஏற்றது எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் புகாரோடு எங்கள் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள், ஒன்று சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள், இல்லாவிட்டால் டிவிடி டூப்ளிகேட் என்பார்கள். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் டிவிடி பக்கம் திரும்பியாவது பார்த்ததா என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. பரவாயில்லை, இந்தக் கோளாறைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துவிடும். மின்விசிறியை அணைத்துவிட்டு, கேபினெட் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடுங்கள்.

டிவிடி டிரைவிலிருந்து சத்தமே இல்லையா? எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். ட்ரே வெளியே வந்தால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழித்து மற்றவற்றை எழுப்பும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். ட்ரே வந்தும் பயாஸ் பட்டியலில் டிரைவ் பெயர் இல்லையென்றால் டேட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரப் பகுதியில் இருந்த மெஷின் என்றால் உப்புக் காற்றில் கனெக்டர் முனைகள் கறுத்திருக்கும். ரேமைக் கழற்றி அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுவதும் இங்கே வீண் வேலை இல்லை. கேபினெட்டைத் திறந்தபோது போர்டின் அடிப்பக்கத்தில் பச்சை பூத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் நனைந்த மெஷின்கள் இந்த ஊரில் நிறைய. அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பதுதான் சரி.

அடுத்து, டிரைவ் ஒருமுறை சுற்றி அடங்கிவிடுகிறது, பிறகு டிஸ்கைத் தொடுவதே இல்லை. இது பூட் ஆர்டர், அதாவது எதிலிருந்து முதலில் கிளம்பப் பார்ப்பது என்ற வரிசை, சம்பந்தப்பட்ட விவகாரம். எந்த டிரைவும் மின்சாரம் வந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்க்கும். அதற்கப்புறம் அதைப் படிக்கச் சொல்ல வேண்டியது பயாஸ். டெல், லெனோவா என்றால் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப் 12-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பி என்றால் பெரும்பாலும் எஃப் 9. எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் பயாஸுக்குள் போய் மாற்றலாம். மாற்றியது மறுநாள் காலை பழையபடி ஆகி, கூடவே தேதியும் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. மூன்று வோல்ட் செல், கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

பயாஸ் பாஸ்வேர்ட் கேட்கிறதா? ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கத்து ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடப்பட்ட மெஷின்களில் இது சகஜம். டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றி நீக்க வழி உண்டு. கம்பெனி லேப்டாப்களில் செல்லைக் கழற்றினாலும் போகாது. அதனால் காசை எண்ணிக் கொடுக்கும் முன், கடையிலேயே போடச் சொல்லி பயாஸுக்குள் நுழைந்து பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது எனக்குப் பிடித்த சத்தத்துக்கு வருகிறேன். டிஸ்க் ‘ஊய்ங்’ என்று வேகம் எடுக்கும், இறங்கும், ‘டிக் டிக்’ என்று லென்ஸ் தடுமாறும், மறுபடியும் வேகம் எடுக்கும். படிக்கப் பார்க்கிறது, முடியவில்லை. “பாட்டு சிடி போட்டா நல்லா பாடுது சார், இந்த டிவிடி மட்டும்தான் படிக்க மாட்டேங்குது” என்பார்கள். அது பொய்யில்லை. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650. ஒரே லென்ஸுக்குப் பின்னால் இரண்டு லேசர்கள். ஒன்று தளர்ந்து மற்றது நன்றாகவே இருக்கலாம். டிவிடியில் தடங்களும் நெருக்கம், அதனால் லென்ஸில் லேசாகத் தூசி படிந்தாலே அது திணறும். லேப்டாப் டிரைவில் ட்ரேயை இழுத்தால் லென்ஸ் கண்ணுக்கே தெரியும், மிளகு அளவில் ஒரு நீலப் பளபளப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். சட்டை நுனியால் தேய்க்காதீர்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

டிஸ்க்கையும் சந்தேகப்படலாம். வீட்டில் எரித்த, அதாவது லேசரால் எழுதிய, டிவிடியில் விவரம் பதிவது ஒரு சாயப் பூச்சில். பரணில் பல சித்திரை வெயிலைப் பார்த்த டிவிடியில் அந்தச் சாயம் கெட்டிருக்கும்.

சரி, டிரைவ் சீராகச் சுற்றுகிறது, விளக்கும் மினுக்குகிறது, ஆனாலும் அதே வெள்ளை வரி. அப்போது டிஸ்க்கை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு பெரிய ஃபைல், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே அடக்கிய ஃபைல், இருந்தால், அதைச் சும்மா காப்பி செய்திருக்கிறார்கள். டிஸ்க்கிலிருந்து பூட் ஆவதற்கு ‘எல் டொரிட்டோ’ என்று 1995-இல் வந்த ஒரு விதிமுறை இருக்கிறது. ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது. அதன்படி பயாஸ் டிஸ்க்கின் 17-ஆம் எண் செக்டாரை, அதாவது அந்த எண்ணுள்ள சிறு பகுதியை, பார்க்கும். எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்ற குறிப்பு அங்கே இருக்க வேண்டும். ஐஎஸ்ஓவை ‘இமேஜ்’ ஆக எரித்தால்தான் அந்தக் குறிப்பு தன் இடத்தில் உட்காரும். எரிக்கும்போது வேகத்தையும் குறைத்து வையுங்கள்.

டிஸ்க்கும் சரி, டிரைவும் சரி என்றால் மிச்சம் இருப்பது தலைமுறைச் சண்டை. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட் என்ற காவல் இருக்கிறது. அது இயங்கும்போது விண்டோஸ் 7 டிஸ்க்கை உள்ளே விடாது. பயாஸில் அதை நிறுத்தி, லெகசி என்ற பழைய பூட் முறையை இயக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அதையே ஏன் ஏற்ற வேண்டும் என்பது தனிக் கேள்வி. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர் உள்ள மெஷின் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட மெஷினுக்கு என் சிபாரிசு லினக்ஸ்தான். மின்ட் இருக்கிறது, நம் சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் டிஸ்க்கிலிருந்தே ஓட்டிப் பார்க்கவும் முடியும். அப்படி ஓடிவிட்டால் மெஷின் பெருமளவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவுக்கும் மசியாத டிவிடி டிரைவுக்காகப் புது டிரைவ் வாங்காதீர்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதே ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். பென் டிரைவைப் பிரிக்கும் முறையைப் பழைய மெஷினுக்கு எம்பிஆர், புதியதற்கு ஜிபிடி என்று அதில் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸ் டிவிடி ஒருவழியாகக் கிளம்பும்போது, ‘பிரஸ் எனி கீ’ என்று ஒரு வரி சில விநாடிகளே நிற்கும். உடனே ஒரு கீயைத் தட்டுங்கள். ஃபைல்கள் எல்லாம் காப்பியாகி, கம்ப்யூட்டர் தானே அணைந்து மறுபடி எழும்போது அதே வரி இன்னொரு முறை வரும். இந்த முறை கீபோர்டைத் தொடாதீர்கள். தொட்டால் மொத்த வேலையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.